பெரிய டிஷ் நகர மறுத்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

சாட்டிலைட் சிக்னல் வாங்கும் ஆறடி முதல் பத்தடி வரையிலான சி-பேண்ட் (சுமார் 4 கிகாஹெர்ட்ஸ்) டிஷ்ஷைத் தோட்டத்தில் நட்டு, ஆக்சுவேட்டர் (நீண்டு சுருங்கி டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் தண்டு, ஜாக் என்பதும் இதுதான்) வைத்து ஓட்டுபவர்களுக்கானது இது. டிஷ்ஷின் முதுகில் 36 வோல்ட் மோட்டார் கொண்ட ஜாக், வீட்டுக்குள் அதை இயக்கும் பொசிஷனர் பெட்டி, இரண்டுக்கும் நடுவே நீளமான கேபிள். மொத்த அமைப்பும் இவ்வளவுதான். ஆனால் கோளாறு வந்தால் பலரும் நேராக மோட்டார் மேல் பழி போட்டுப் புதிய ஜாக் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் சந்தேகப்படும் வரிசை வேறு: முதலில் ஒயர், அப்புறம் தண்ணீர், அப்புறம் ரீட் சுவிட்ச். மோட்டார் கடைசியில்தான்.

ஆக்சுவேட்டரின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் நான்கு முனைகள் இருக்கும். எம்1, எம்2 இரண்டும் மோட்டாருக்கு. அவற்றில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் தண்டு நீள்வதற்குப் பதில் உள்ளே போகும். மற்ற இரண்டும் சென்சாருக்கு. கியரோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றும். அதன் பக்கத்தில் தீக்குச்சியை விடச் சிறிய கண்ணாடிக் குழாயில் ரீட் சுவிட்ச் இருக்கும். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் அது மூடித் திறக்கும். அந்தத் துடிப்புகளைப் பொசிஷனர் எண்ணிக்கொண்டே வரும். டிஷ் வானத்தில் எதைப் பார்க்கிறது என்று பொசிஷனருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கோளாறுகள் தாமாகவே விளங்கிவிடும்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கின் போல்ட்டைக் கழற்றும் முன் டிஷ்ஷைக் கயிற்றால் போலோடு (டிஷ் நிற்கும் இரும்புக் கம்பம்) கட்டிவிடுங்கள். டிஷ்ஷைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த ஜாக் மட்டும்தான். அதை எடுத்த மறுகணம் பத்தடித் தகடு தன் எடையில் சாய்ந்து வரும், கையை வைத்துத் தடுக்க முடியாது. அடுத்தது, பொசிஷனரைத் திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடம் பொறுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேவையான கருவிகள் ஒரு மல்டிமீட்டர், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள், 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். அதில் 36 வோல்ட் ஜாக் மெதுவாக ஓடும், சோதனைக்கு அது போதும். ஃபியூஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒயர் உரசிக்கொண்டால் பேட்டரி கொட்டும் கரண்டில் ஒயரே உருகிவிடும்.

பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

பொசிஷனரின் திரை எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வீட்டு மின் இணைப்பு, ஃபியூஸ், அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவில் ஒன்று போடுங்கள். திரும்பவும் போனால் பெரிய ஃபியூஸாக மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள். எம்1, எம்2 ஒயர்களைப் பொசிஷனரிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இப்போது ஃபியூஸ் நிற்கிறது என்றால் கோளாறு வெளியே இருக்கிறது: கேபிள் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, இல்லை ஜாக் இறுகிப் போயிருக்கிறது. அப்போதும் போகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்ளேயே.

திரை எரிகிறது, ஆனால் மோட்டார் அசையவில்லை என்றால் மீட்டரோடு டிஷ்ஷிடம் போய்விடுங்கள். ஒருவர் வீட்டுக்குள் பட்டனை அழுத்தட்டும், நீங்கள் எம்1, எம்2 முனைகளில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 30 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் பேசாமல் இருந்தால் கோளாறு ஜாக்கில். எதுவுமே வரவில்லை என்றால் ஒயரில் அல்லது பொசிஷனரில். வீட்டின் முனையிலும் ஒருமுறை அளந்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். இந்த அளவை எடுக்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

ஜாக்தான் என்று தெரிந்தால் பொசிஷனரின் ஒயர்களை அங்கே கழற்றிவிட்டு பேட்டரியைக் கொடுங்கள். ஓடவில்லையா? துருவத்தை மாற்றிக் கொடுங்கள். ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் ஓடவில்லை என்றால் கீழே ‘ஒரு திசையில் மட்டும்’ பகுதிக்குப் போங்கள். இரண்டு பக்கமும் ஓடவில்லை என்றால் மூடியைத் திறக்க வேண்டியதுதான். பெரும்பாலும் உள்ளே துருத் தண்ணீர், பச்சை பூத்த முனைகள், கார்பன் பிரஷ்ஷைச் சுற்றிக் கறுப்புச் சேறு, இவைதான் கண்ணில் படும். பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றலாம். ஸ்பிரிங் சிக்கியிருந்தால் சுத்தம் செய்தாலே ஓடிவிடும்.

தண்ணீர் எப்படிப் போனது என்று பார்க்காமல் மூடியைத் திரும்பப் போடாதீர்கள். மோட்டார் பெட்டியின் அடியில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். ஜாக்கைப் பொருத்தும்போது அந்தத் துளை தரையைப் பார்க்க வேண்டும். பலர் ஜாக்கைத் திருப்பிப் பொருத்திவிட்டு, தண்ணீர் வருகிறதே என்று அந்தத் துளையையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற இருந்த ஒரே வழியும் போய்விடும். சிலிக்கானை மேல்பக்க இடுக்குகளுக்குப் போடுங்கள், கீழே திறந்திருக்கட்டும். கேபிளும் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி ஏற வேண்டும். அப்போதுதான் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஒரு நொடி ஓடுகிறது, நின்றுவிடுகிறது, திரையில் பிழை

இது ஏறக்குறைய எப்போதும் சென்சார்தான். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தும் துடிப்பு வரவில்லை என்றால், ஏதோ இறுகிவிட்டது என்று பொசிஷனர் முடிவுகட்டி நிறுத்திவிடும். நல்ல பழக்கம்தான். இல்லையென்றால் ஜாக் எதிலாவது முட்டிக்கொண்டு எரிந்துபோகும்.

வீட்டு முனையில் சென்சார் ஒயர்கள் இரண்டையும் கழற்றி மீட்டரைப் பீப் நிலையில் (இரு முனைக்கும் தொடர்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்து இணையுங்கள். வெளியே ஒருவர் பேட்டரியால் மோட்டாரை ஓட்டட்டும். பீப் விட்டுவிட்டு வந்தால் சென்சாரும் கேபிளும் சரி, பொசிஷனரின் உள்ளீட்டைச் சந்தேகியுங்கள். பீப்பே இல்லை என்றால் ஒயர் அறுந்திருக்கலாம், ரீட் சுவிட்ச் உடைந்திருக்கலாம், காந்தச் சக்கரம் கழன்று சும்மா இருக்கலாம். நிற்காமல் ஒலித்தால் ஷார்ட், அல்லது ரீட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் ஓடாத நேரத்தில் தொடர்ந்து ஒலிப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காந்தம் சரியாக ரீட்டின் எதிரே நின்றிருந்தாலும் அப்படித்தான் ஒலிக்கும்.

ரீட் சுவிட்ச்சை மாற்றும்போது கண்ணாடியை ஒட்டிக் காலை வளைக்கக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும். காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு, பிடிக்கு அப்பால் வளைக்கவும். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி பழைய சுவிட்ச்சுக்கு இருந்த அதே அளவில் இருக்கட்டும்.

சில ஜாக்குகளில் சென்சாருக்கு மூன்று ஒயர் வரும். அது ஹால் சென்சார், காந்தத்தை மின்னணு முறையில் உணர்வது. அதற்குத் தனியாக, வழக்கமாக 5 வோல்ட், கொடுத்தால்தான் வேலை செய்யும். மேலே சொன்ன பீப் சோதனை அதற்குச் செல்லாது.

ஓடுகிறது, ஆனால் மூச்சுத் திணறி ஓடுகிறது

இங்கேதான் ஒயரின் கணக்கு வருகிறது. பெரிய டிஷ்ஷை மேலே தூக்கும்போது ஜாக் 4 ஆம்பியர் வரை இழுக்கலாம். டிஷ் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 60 மீட்டர் ஒயர். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அந்த நீளத்தின் மின்தடை 2 ஓமுக்குச் சற்று மேல். 4 ஆம்பியருக்குச் சுமார் 9 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 36 வோல்ட் கிளம்பி 27 வோல்ட்தான் ஜாக்குக்குப் போய்ச் சேரும். அதே தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 3 வோல்ட். 2.5 போட்டால் 2 வோல்ட்டுக்கும் கீழே. விலை குறைவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய ஒயரில் இழப்பு இதைவிடக் கூடுதல். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான்.

வோல்ட்டேஜை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பொசிஷனர் 40 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். அதை நம்பி ஒயரை நல்ல ஒயர் என்று சொல்லிவிடாதீர்கள். ஓடும்போது வீட்டு முனையில் 36, டிஷ் முனையில் 27 என்றால் ஒயர், அல்லது வழியில் உள்ள ஏதோ ஒரு துருப்பிடித்த இணைப்பு. இரண்டு முனையிலும் 27 என்றால் பவர் சப்ளை தொய்கிறது.

பழைய பெட்டி செத்துப்போய் அதற்குப் பதில் 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்னணு பவர் சப்ளை) வாங்கிப் போடுபவர்கள் நிறைய. அதில் இன்னொரு சிக்கல் வரும்: பட்டனை அழுத்தினால் டிக், டிக் என்று சத்தம், டிஷ் துள்ளித் துள்ளி நிற்கும். மோட்டார் புறப்படும் கணத்தில் அது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சப்ளை அதைப் பார்த்துப் பயந்து தன்னையே நிறுத்திக்கொள்ளும், மறுபடி முயலும். 4 ஆம்பியர் ஜாக்குக்கு 5 ஆம்பியர் சப்ளை போதும் என்று கணக்குப் போடாதீர்கள். 10 ஆம்பியர் சப்ளையே வசதி.

வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் திணறல் தீரவில்லை என்றால் கோளாறு இரும்பில் இருக்கிறது. டிஷ்ஷைக் கட்டிவிட்டு ஜாக்கின் நுனி போல்ட்டைக் கழற்றுங்கள். கட்டிய கயிற்றை மெல்லத் தளர்த்தி டிஷ்ஷைக் கையால் அசைத்துப் பாருங்கள். கீல் போல்ட் வறண்டு கிரீச்சிட்டால் கிரீஸ் போடுங்கள். ஜாக் டிஷ்ஷைத் தள்ளும் கோணத்தையும் பாருங்கள். தள்ளும் விசை 90 டிகிரியில் முழுதாகப் பயன்படும். 30 டிகிரிக்கு இறங்கினால் பாதிதான் பயன்படும். வானத்தின் ஒரு ஓரத்துக்குப் போகும்போது மட்டும் திணறினால் காரணம் இதுவாக இருக்கும். ஜாக்கைப் பிடித்திருக்கும் கிளாம்பைச் சற்று நகர்த்தி, எந்த ஓரத்திலும் கோணம் ரொம்பக் குறுகாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது

ஜாக்குக்குள் இரண்டு லிமிட் சுவிட்ச்கள் உண்டு. தண்டு எல்லையைத் தொட்டதும் சுவிட்ச் திறந்து மோட்டாரை நிறுத்தும். அப்படியானால் திரும்பி வருவது எப்படி? ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் குறுக்கே ஒரு டையோடு இருக்கிறது, எதிர்த் திசைக் கரண்ட்டை அது விடும். அந்த டையோடு எரிந்து திறந்துவிட்டால், எல்லைக்குப் போன ஜாக் அங்கேயே நின்றுகொள்ளும். மாறாக டையோடு ஷார்ட் ஆனால் லிமிட் வேலையே செய்யாது, தண்டு முட்டும்வரை போகும்.

டிஷ் நடு வானத்தில் இருக்கும்போதே ஒரு பக்கம் ஓடவில்லை என்றால் லிமிட் சுவிட்ச் துருவேறித் திறந்தபடி நிற்கலாம், அல்லது அதைத் தட்டும் கேம் தளர்ந்து இடம் மாறியிருக்கலாம். பேட்டரி கொடுத்தால் இரண்டு பக்கமும் நன்றாக ஓடுகிறது, பொசிஷனர் கொடுத்தால் மட்டும் ஒரே பக்கம் என்றால் பெட்டிக்குள் திசை மாற்றும் ரிலேயின் முனை கருகியிருக்கும். அதற்கு முன் பொசிஷனர் மெனுவில் கிழக்கு, மேற்கு எல்லை ஏதும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ பதிந்துவிட்ட எல்லைக்காகப் பெட்டியைப் பிரித்துப் போட வேண்டாம்.

சத்தம் வருகிறது, தண்டு நகரவில்லை

கியர் பல் உடைந்திருக்கும், பின் அறுந்திருக்கும், அல்லது உள்ளிருக்கும் நட்டின் மரை தேய்ந்திருக்கும். கிளட்ச் உள்ள ஜாக்கில் கடகடவென்று ஒலித்தால் தண்டு எதிலோ முட்டிக்கொண்டிருக்கிறது. கியர் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். நட்டு தேய்ந்துவிட்டால் புது ஜாக்தான், அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பதிந்து வைத்த இடங்கள் தள்ளித் தள்ளிப் போகின்றன

மனிதனைப் பைத்தியமாக்கும் கோளாறு இதுதான். நேற்று பதித்த சாட்டிலைட் இன்று இல்லை. மறுபடி தேடிப் பதிக்கிறோம், நாளை அதுவும் இல்லை. இங்கே முதலில் தீர்க்க வேண்டியது, எண்ணிக்கை தவறுகிறதா, இரும்பு நழுவுகிறதா என்பது.

அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. டிஷ்ஷை ஏதேனும் ஒரு வலுவான சாட்டிலைட்டில் நிறுத்துங்கள். பொசிஷனர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டு குழாயிலிருந்து வெளியே வரும் இடத்தில் மெல்லிய மார்க்கரால் தண்டின் மேல் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் இரு ஓரத்துக்கும் பல தடவை ஓட்டிவிட்டு அதே எண்ணுக்குத் திரும்புங்கள். எண் அதே, கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால் துடிப்பு தொலைகிறது, அல்லது இல்லாத துடிப்பு சேர்கிறது. எண்ணும் அதே, கோடும் அதே, சிக்னல் மட்டும் இல்லை என்றால் ஜாக் சரியாகத்தான் இருக்கிறது. கிளாம்ப் சறுக்குகிறது, டிஷ்ஷைத் தாங்கும் மவுன்ட் போலில் திரும்புகிறது, அல்லது ஏதோ ஒரு போல்ட் துளை நீண்டு தளர்ந்திருக்கிறது.

எண்ணிக்கை தவறுவதற்குப் பெரிய காரணம், மோட்டார் ஒயரும் சென்சார் ஒயரும் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு ஓடுவது. மோட்டார் பிரஷ்ஷின் பொறி சென்சார் ஒயரில் பொய்த் துடிப்பாக ஏறும். சென்சாருக்கு ஷீல்டு உள்ள கேபிள் போட்டு, ஷீல்டைப் பொசிஷனர் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் இணைத்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் சுற்றி வரும். அதோடு பொசிஷனரின் சென்சார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் சிறு பொறிகள் அடங்கிவிடும். இதைவிட மிகப் பெரிதாகப் போட்டால் உண்மையான துடிப்பையும் அது விழுங்கிவிடும்.

டிஷ் நகர்ந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் எண்ணிக்கை தவறும். மோட்டார் சற்று உருண்டுதான் நிற்கும், அதை எண்ணப் பெட்டிக்கு உயிர் இருக்காது. எல்லா இடமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் காரணம் இதுதான். ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டாம். பொசிஷனரில் ரீசிங்க் வசதி இருந்தால் ஒரே சாட்டிலைட்டைச் சரிசெய்தால் மற்றவையும் கூடவே நகர்ந்துவிடும்.

இரும்பு பக்கம் வந்தால், தளர்வு எவ்வளவு இருந்தால் பாதிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 3 மீட்டர் டிஷ்ஷின் ஓரத்தைக் கையால் ஆட்டினால் 1 செ.மீ. ஆடுகிறது என்று வைப்போம். அது ஏறக்குறைய 0.4 டிகிரி. சி-பேண்டில் அந்த டிஷ்ஷின் கற்றை அகலம் (சிக்னலை நன்றாக வாங்கும் கோணம்) சுமார் 1.75 டிகிரி, பெரிதாகத் தெரியாது. 12 கிகாஹெர்ட்ஸ் கேயூ-பேண்டில் அகலம் சுமார் 0.6 டிகிரிதான், சிக்னல் பாதிக்கு மேல் விழுந்துவிடும். ‘சி வருகிறது, கேயூ வரமாட்டேன் என்கிறது’ என்று எல்என்பியை (டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் தலை) மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை டிஷ்ஷின் ஓரத்தை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

நட்டிலும் கியரிலும் கொஞ்சம் தளர்வு எப்போதும் இருக்கும். டிஷ் வளைவின் உச்சியைக் கடக்கும்போது அதன் எடை ஜாக்கைத் தள்ளுவதிலிருந்து இழுப்பதற்கு மாறும், அந்தத் தளர்வு அங்கே வெளிப்படும். கிழக்கிலிருந்து வந்தால் கிடைக்கும் சாட்டிலைட் மேற்கிலிருந்து வந்தால் தவறுவது இதனால்தான். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்தி, அப்படியே பதியுங்கள்.

நடுவில் எல்லாம் வருகிறது, ஓரங்களில் எதுவும் இல்லை

இது மோட்டார் கோளாறே இல்லை. சாட்டிலைட்கள் வரிசையாக நிற்கும் வானத்து வளைவை மவுன்ட் பின்பற்றவில்லை. முதலில் போல் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் மட்டம் வைத்துப் பாருங்கள். போல் சாய்ந்திருந்தால் அதன் மேல் செய்யும் எந்தத் திருத்தமும் நிற்காது.

அப்புறம் ஓரத்துச் சாட்டிலைட்டில் நிறுத்தி, டிஷ்ஷின் விளிம்பைக் கையால் மெதுவாக மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் சிக்னலைக் கவனியுங்கள். இரண்டு ஓரத்திலும் செய்ய வேண்டும். ஒரு ஓரத்தில் தூக்கினால் கூடுகிறது, மறு ஓரத்தில் அழுத்தினால் கூடுகிறது என்றால் மவுன்ட் மொத்தமும் தெற்கு நோக்கிச் சரியாகத் திரும்பவில்லை (தென்கோளத்தில் வடக்கு). போலின் மேல் கொஞ்சமாகத் திருப்புங்கள். காந்த ஊசியை நம்பித் தெற்கைக் குறித்திருந்தால் இந்தக் கோளாறு இயல்பு, காந்தத் தெற்கும் உண்மைத் தெற்கும் ஒன்றல்ல. சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் போலின் நிழல் விழும் கோடுதான் உண்மையான வடக்கு தெற்கு.

இரண்டு ஓரத்திலும் தூக்கினால்தான் கூடுகிறது என்றால் டிஷ் நடக்கும் வளைவு வானத்து வளைவைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. டிஷ் சுழலும் அச்சைக் கொஞ்சம் நிமிர்த்தி, அதே அளவு டெக்ளினேஷனை (அச்சுக்கு மேல் டிஷ்ஷுக்குக் கொடுக்கும் சிறு கூடுதல் சாய்வு) குறையுங்கள், நடுவின் உயரம் மாறாது. இரண்டு ஓரத்திலும் அழுத்தினால் கூடுகிறது என்றால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அச்சின் சாய்வு தரையிலிருந்து உங்கள் அட்சரேகை அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். டெக்ளினேஷன் 10 டிகிரி அட்சத்துக்குச் சுமார் 1.8, 40க்குச் சுமார் 6.3, 50க்குச் சுமார் 7.3 டிகிரி.

ரிசீவரிலிருந்து கட்டளை போகவில்லை

ரிசீவரின் கேபிளிலேயே ஓடும் டைசெக் (அந்தக் கேபிள் வழியே ரிசீவர் கட்டளை அனுப்பும் முறை) மோட்டார்கள் 13, 18 வோல்ட்டில் மிகக் குறைந்த கரண்டில் இயங்குபவை. 1.2 மீட்டருக்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. பெரிய டிஷ்ஷுக்கு, ரிசீவரின் டைசெக் கட்டளையை வாங்கி 36 வோல்ட்டாக ஜாக்குக்கு அனுப்பும் வி-பாக்ஸ் வகைப் பெட்டிதான் வழி. அந்தப் பெட்டியின் ரிமோட்டில் டிஷ் ஓடுகிறது, ரிசீவரில் ஓடவில்லை என்றால் ஜாக்கைத் தொடவே வேண்டாம். ரிசீவர் மெனுவில் டைசெக் 1.2 தேர்ந்திருக்கிறதா, யூசால்ஸ் (டிகிரி கணக்கில் டிஷ்ஷைத் திருப்பும் முறை) தவறுதலாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வி-பாக்ஸ் ஜாக்கின் துடிப்புகளைத்தான் எண்ணுகிறது. யூசால்ஸ் அனுப்பும் டிகிரி கணக்கு அதற்குப் புரியாது. நடுவில் டைசெக் சுவிட்ச் இருந்தால் அதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுச் சோதியுங்கள். சில சுவிட்ச்கள் மோட்டார் கட்டளையைக் கடக்க விடுவதில்லை. அப்படி என்றால் வி-பாக்ஸை ரிசீவருக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவில் வைத்துவிடுங்கள்.